டேட்டன் ஊர்ப் பெருமக்களும் ஏழாம் நாள் உபயமும்

டேட்டன் என்ற ஊரை நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறதாம். பெரிய நகரமும் இல்லை, பட்டிக்காடும் இல்லை, நம் மலேசியாவின் ஈப்போவைவிடச் சின்னதுதான் என்றார்கள். அது தன்பாட்டுக்கு அங்கே இருந்திருக்கலாம். நானும் என்பாட்டுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேநீர்க் கடையில் சுற்றுலாக்காரர்கள் குடித்துவிட்டுப் போன கோப்பைகளைக் கழுவிக்கொண்டு இருந்திருப்பேன். அந்த ஊரில் வாழ்ந்த பெரிய மனிதர்கள் யார் யார் என்று வேலையற்ற எவனோ இணையத்தில் எழுதி வைத்திருக்கிறான். அதைக் கொண்டுவந்து எங்கள் கோயில் கமிட்டியில் படித்தான் தினேஸ்வரன். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

தினேஸ்வரன் எங்கள் மாரியம்மன் கோயிலின் செயலாளர். பிரிஞ்சாங் டவுனில் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். பிறந்தநாளா, கருமாதியா, கட்சிக்காரர் வருகையா, எதற்கும் அவனிடம் ஒரு பேனர் தயாராக இருக்கும். நல்ல பையன்தான். கையில் ஹேன்போன் மட்டும் இல்லாவிட்டால் இன்னும் நல்ல பையனாக இருப்பான்.

அது சித்திரைத் திருவிழாவுக்கான கூட்டம். எங்கள் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு. அன்றைய பூ, பிரசாதம், சாப்பாடு எல்லாம் அவர்கள்தான் செய்ய வேண்டும். அதற்கு உபயம் என்று பேர். பதிலுக்குச் சாயங்காலப் பூசைக்கு முன்னால் அந்தக் குடும்பத்தின் பேரை மைக்கில் சொல்வார்கள். ஏழாம் நாள் உபயம் எங்களுடையது. என் மாமனார் காலத்திலிருந்தே எங்களுடையது.

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருடம் ஆகிறது. காலையில் பல் விளக்கப் போனவர் குழாயடியில் உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். அதற்குப் பிறகு ஏழாம் நாள் என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான். "இன்றைய உபயம், அமரர் மாடசாமி குடும்பத்தினர்" என்று மைக்கில் சொல்வார்கள். கோயில் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அந்தப் பேரைத் தேயிலைக்கு மேலே எடுத்துக்கொண்டு போய் எதிர்மலைத் தொழிலாளர் லயம்வரை சேர்க்கும். நான் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் பேர் வெளியே கேட்கும். வேறு யார் சொல்வது? என் மகள் தனுஜாவுக்கு அவர் அப்பா. எனக்கோ வாய் வராது. என் வயதுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லி வளரவில்லை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், சொல்லமாட்டேன். கிளினிக்கில் நர்ஸ் கேட்டால் அவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டுவேன், அவளே படித்துக்கொள்வாள். அவர்கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் செத்தார்கள், பாதிப் பேர் பிள்ளைகளோடு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். லயத்தில் இப்போது வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளத்துப் பையன்களும்தான் அதிகம். பார்த்தால் சிரிப்பார்கள், மூட்டை தூக்கித் தருவார்கள். ஆனால் அவர்களுக்கு அவரைத் தெரியாது.

கம்போங் ராஜா ஊரில் பூத்தோட்டம் வைத்திருக்கும் துளசியிடம் செவ்வந்திக்குச் சொல்லிவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் அன்றைய கூட்டத்துக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் தினேஸ்வரன் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"எல்லாரும் கேளுங்க லா. டேட்டன்னு ஒரு ஊரு. அங்க வாழ்ந்த பிரபலங்க பேரெல்லாம் போட்டிருக்கான். பிளேன் கண்டுபுடிச்ச அண்ணன் தம்பி இருந்த ஊரு இதுதான் தெரியுமா?"

"என்னாது கண்டுபுடிச்சாங்க?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"பிளேன், பெரியம்மா. ஆகாசத்துல போவுதே, அது. அப்புறம் கடையில கல்லாப்பெட்டி மிசினு இருக்குல்ல, அதக் கண்டுபுடிச்சவரு. சோடா டின்னுல வளையத்த இழுத்து ஒடைக்கிறோமே, அதக் கண்டுபுடிச்சவரு."

விமானம் யாரையும் அசைக்கவில்லை. டின் எல்லோரையும் தொட்டுவிட்டது. நாலைந்து பேர் கையிலிருந்த டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப கீழ வாங்க. ராதாகிருஷ்ணன் குப்புசாமி. பொறந்தது மலேசியா. டேட்டன் டிவியில இருவது வருசமா வானிலை சொல்றவரு."

"அப்டினா?"

"மழை வருமா, வெயில் அடிக்குமான்னு சொல்வாரு, பெரியம்மா."

"அதுக்கு ஒரு ஆளா? எங்க வீட்டு ஆட்டுக்கே தெரியும்."

கூட்டம் சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான். பின்னால் வரப்போவது தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பை மிச்சம் பிடித்திருப்பேன்.

தலைவர் சுப்பிரமணியம் சிரிக்கவில்லை. அவர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு எழுதும் மேசையை விட்டுவந்து எத்தனையோ காலம் ஆகியும் எல்லோரும் கிராணி என்றுதான் கூப்பிடுகிறோம், அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

"இந்த ராதாகிருஷ்ணன் யாரு தெரியுமா?" என்றார். "நம்ம பழைய டிரஸர் குப்புசாமி மவன். நம்ம தோட்டத்துல வாழ்ந்தவரு."

டிரஸர் என்றால் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுப்பவர். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் பாலர் பள்ளிக்குப் போன காலத்தில் டிரஸர் வீட்டு வாசலில் ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருப்பான்.

"ரெண்டு வருசம் இருந்தாங்க, கிராணி. அந்தப் பையனுக்கு அப்ப மூக்கத் தொடைக்கக்கூடத் தெரியாது."

"ரெண்டு வருசம் இருந்தா வாழ்ந்ததாவாதா? அமெரிக்காக்காரன் எப்பிடி வெச்சிருக்கான் பாரு. பிளேன் அண்ணன் தம்பில அண்ணங்காரன் பொறந்தது வேற மாநிலமாம். இருந்தாலும் எங்காளுன்னு போட்டுக்கிட்டான். அப்பிடித்தான் லா ஒரு ஊரு பேரு வாங்குது. நாம என்னா பண்றோம்? வாழ்ந்தவன வுட்டுட்டு நிக்கிறோம்."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கோயில் வாசலில் 'நம் தோட்டத்தில் வாழ்ந்த பெருமக்கள்' என்று ஒரு பெரிய பலகை வைக்கப் போகிறார்கள். ராதாகிருஷ்ணனைப் பேஸ்புக்கில் பிடித்து எழுதியாயிற்று, அவருக்குப் பரம சந்தோஷம். இந்த வருடம் ஓர் உபயம் அவர் பேரில்.

"ஏழாம் நாளு குடுத்திருக்கோம்" என்றார் கிராணி, என்னைப் பார்க்காமல்.

"ஏழாம் நாளு எங்களுது."

"ஏழாம் நாளு ஞாயித்துக்கெழம விழுது, சாரதா. ரதம் வெளிய வர்ற நாளு. வைபி வராரு, பேப்பர்காரங்க வராங்க. ஒரு வருசந்தான். நீ ஒம்பதாம் நாளு எடுத்துக்கயேன், அது காலியாத்தான் கெடக்கு."

வைபி என்பது எங்கள் சட்டமன்ற உறுப்பினர். அவர் எந்த நாளில் வந்தாலும் ஒரு மாலையை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார். அவருக்காக என் நாளா?

"முடியாது" என்றேன். "நான் பூவுக்குச் சொல்லியாச்சு."

கிராணி பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் நான் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். "சரி, கோவப்படாத. மாடசாமி பேரையும் பலகையில போட்டுடுவோம். அவரு என்னா பண்ணாருன்னு சொல்லு, தினேஸு எழுதிக்குவான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தினேஸ்வரன் போனில் எழுத விரலைத் தூக்கி வைத்துக்கொண்டான். 

"தேயிலைக்கு மருந்து அடிச்சாரு."

"எல்லாருந்தான் அடிச்சோம். வேற?"

"இங்கயே இருந்தாரு" என்றேன். "வேற எங்கயும் போவல."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கிராணிமேல் வந்த கோபத்தைவிட என் வீட்டுக்காரர்மேல்தான் எனக்கு அதிகம் வந்தது. வந்ததும் சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்துக் கேட்டேவிட்டேன். இருபது வருடம் மழையைப் பற்றிப் பேசினதற்கு ஒருத்தனை ஒரு ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. நீங்கள் முப்பது வருடத்துக்கு மேல் மழையில் நனைந்தீர்கள், என்னத்தைக் கண்டீர்கள்? ஒரு போட்டியில் கோப்பை வாங்கியிருக்கக் கூடாதா? ஒரு தடவையாவது யாரையாவது எதிலிருந்தாவது காப்பாற்றியிருக்கக் கூடாதா? படத்தில் அவர் எப்போதும் போல் பசியாறிவிட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் செல்லம்மாவிடம் கேட்டேன். அவளும் அவரோடு ஒரே மலையில் வேலை செய்தவள்.

"அவரா? நல்ல மனுசன்."

"அது எனக்குத் தெரியாதா? வேற என்னா பண்ணாருன்னு சொல்லு."

செல்லம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "படம் போட்டா மொத ஆளா வந்து உக்காந்து தூங்கிடுவாரு. பந்தியில ரசம் ரெண்டு தடவ கேப்பாரு."

"இதப் பலகையில போட முடியுமா?"

"ஏன், ரசம் கேட்டது தப்பா?"

தோட்டத்துக் கால்பந்துக் குழுவைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை, விளையாடியவர்களின் சட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். யூனியனில் இருந்தாரா என்றால் சந்தா கட்டினார், கூட்டத்தில் பேசியதில்லை. கோயில் கட்டும்போது கல் சுமந்தார். எல்லோரும் சுமந்தார்கள். கோப்பை கழுவிக்கொண்டே யோசித்ததில் ஒரு தட்டை உடைத்ததுதான் மிச்சம். கடை மேலாளராக இருக்கும் சின்னப் பிள்ளை வந்து "ஆண்ட்டி, ஓகேவா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

அதற்கு அடுத்த நாள் காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு பிரிஞ்சாங்குக்குப் போனேன். தினேஸ்வரன் கடையில் கணினித் திரையில் அந்தப் பலகை தயாராகிக்கொண்டிருந்தது. நடுவில் கோட்டும் டையும் போட்ட ராதாகிருஷ்ணன், முதுகுக்குப் பின்னால் மேகப் படம் போட்ட ஒரு வரைபடம். அவரைச் சுற்றிச் சின்னச் சின்ன முகங்கள். டிவியில் ஒரு தடவை பாடிய பையன், ஈப்போவில் வக்கீலாக இருக்கும் யாருடைய மச்சானோ, மாநிலப் பந்துக் குழுவுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்ட ஒருத்தன். மூலையில் நம் கிராணி, கறுப்புக் கண்ணாடியோடு.

"கிராணி என்னாத்தடா கண்டுபுடிச்சாரு?"

"அத்தை, அவரே படம் குடுத்தாரு. நான் என்னா பண்ணுவேன்?"

"சரி, அந்த மழைக்காரன் நம்பரப் போடு. நான் பேசணும்."

"அங்க இப்ப ராத்திரி, அத்தை."

"ராத்திரின்னா வீட்டுலதான இருப்பான். போடுடா."

போட்டான். திரையில் அதே முகம், டை இல்லாமல். மூக்கு சுத்தமாக இருந்தது. "வணக்கம்! வணக்கம் அக்கா!" என்றார். அவர் தமிழ் அடியெடுத்து அடியெடுத்து வந்தது, ஆனாலும் வந்தது. மனிதர் மரியாதையாகப் பேசினார். அதுவே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"தம்பி, ஏழாம் நாளு எங்க வீட்டு உபயம். எங்க வீட்டுக்காரரு பேர மைக்குல சொல்றது அந்த ஒரு நாளுதான். அத எங்களுக்கே வுட்டுடுங்க. ஒங்களுக்கு வேற நாளு தரச் சொல்றேன்."

"ஓ மை காட்" என்றார். "அக்கா, காலியா இருக்குன்னுதான் சொன்னாங்க. எனக்குத் தெரியாது. ரொம்ப சாரி."

"ஒங்களுக்கு இந்தத் தோட்டம் ஞாபகம் இருக்கா?"

"உண்மைய சொல்லவா? ஒண்ணுமே இல்ல அக்கா. பனி மட்டும் ஞாபகம். அதுவும் அப்பா எடுத்த போட்டோல பாத்ததோ என்னமோ." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "அந்த நாளு உங்களுக்கு எவ்ளோ முக்கியம்னு புரியுது. நான் தலைவர்கிட்ட பேசுறேன். நான் சரி பண்றேன், கவலைப்படாதீங்க."

வாசலுக்கு வந்ததும் எனக்கே சிரிப்பாக இருந்தது. இவ்வளவுதானா? நேராகக் கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்குமே. டவுனில் சூடாக ஒரு பஜ்ஜி வாங்கித் தின்றேன். துளசிக்குப் போன் போட்டு மஞ்சளோடு வெள்ளைச் செவ்வந்தியும் சேர்த்து அனுப்பச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே கிராணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"சாரதா, நீ பெரிய ஆளு லா! ராதாகிருஷ்ணன் பேசுனாரு. ஒன்னப் பத்தியே பேசுறாரு. லீவு கெடைக்காம அவரு வரமுடியலயாம். அவருக்குப் பதிலா சாரதா அக்காதான் பூசத் தட்டு ஏந்தணும், அவங்க கையாலதான் எல்லாம் நடக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"உபயம்?"

"உபயம் அவரு பேருல. தட்டு ஒங்கையில. ரெண்டு பேருக்கும் சந்தோசம். நான்கூட யோசிக்கல, மனுசன் யோசிச்சிருக்காரு பாரு."

 நான் பேரைக் கேட்டேன், தட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் புண்ணியவான். யாரைத் திட்டுவது? அவர் எனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு டேட்டனில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கிராணி என் வீட்டுக் கோப்பியைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனுஜாவுக்குப் போன் செய்து கொட்டினேன். அவள் ஈப்போவில் ஆஸ்பத்திரி வேலை, திருவிழாவுக்கு இந்த வருடம் லீவு இல்லை.

"விடும்மா. அப்பா இருந்தா என்னா சொல்லியிருப்பாரு?"

"என்னா சொல்லியிருப்பாரு?"

"விடுன்னுதான்."

அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் வாழ்க்கை முழுக்க விடு விடு என்றே இருந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டபோதும் விடு, கங்காணி வேலை அவருக்குப் பின்னால் வந்தவனுக்குப் போனபோதும் விடு. இப்போது பேரையும் விடவா? போகாமல் வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் நான் போகாவிட்டால் தட்டைப் பிடிக்க வேறு யாராவது வருவார்கள். எங்கள் நாளில், எங்கள் இடத்தில், கிராணியின் மருமகள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். முடியாது, நானே நிற்கிறேன் என்று முடிவு செய்தேன்.

ஏழாம் நாள் மத்தியானத்திலிருந்தே தூறல். ரதத்துக்கு மேலே நீல நிறத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். துளசியின் செவ்வந்தி மஞ்சளும் வெள்ளையுமாக அம்மன் கழுத்து நிறைந்து கிடந்தது. வாசலில் பெருமக்கள் பலகை. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிவி, அதில் நேரலையில் ராதாகிருஷ்ணன். எங்களுக்குச் சாயங்காலம், அவருக்குக் காலை. டை கட்டிக்கொண்டு கையில் கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

நான் பச்சைப் பட்டு கட்டி, பூ வைக்காமல், பொட்டு மட்டும் வைத்திருந்தேன். அவர் போன பிறகும் பொட்டை நான் எடுக்கவில்லை. அதற்கு வாங்கின பேச்சையெல்லாம் வாங்கி முடித்தாயிற்று. சின்ன வயதிலிருந்து நானாக வைத்தது, நானாக எடுத்தால்தான் உண்டு. தட்டில் தேங்காய், பழம், பூ, பரிவட்டத் துணி எல்லாம் இருந்தது. பூசை முடிந்ததும் உபயக்காரர் தலையில் கட்டும் பட்டுத் துணி அது. போன வருடங்களில் என் மருமகன் கட்டிக்கொண்டான்.

தினேஸ்வரன் மைக்கைப் பிடித்தான். "இன்றைய உபயம், அமெரிக்கா டேட்டன் நகரத்தின் பிரபலம், நம் தோட்டத்தில் வாழ்ந்த திரு. ராதாகிருஷ்ணன் குப்புசாமி!"

கைதட்டினார்கள். வைபியும் தட்டினார். அந்தப் பேர் தேயிலைக்கு மேலே போய் எதிர்மலையில் பட்டதை என் காதால் கேட்டேன். எங்களுக்கு இருந்த பாதையில் வேறு ஒருத்தர் பேர் போகிறது. காதை அறுத்துப் போட்டுவிடலாம் போல் இருந்தது. டிவியில் ராதாகிருஷ்ணன் கையாட்டி, "அங்க மழை பெய்யுது போலயே!" என்றார்.

"பாத்தியா" என்றாள் செல்லம்மா என் முதுகுக்குப் பின்னால். "பெய்யிற மழையத்தான் சொல்றான்."

குருக்கள் இந்த வருடம்தான் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். சின்ன வயது. அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. மந்திரம் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று தினேஸ்வரன் அவர் கையிலும் ஒரு மைக்கைக் கொடுத்திருந்தான். அவர் என் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உபயதாரர் பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

கிராணி பாய்ந்து டிவி பக்கம் போனார். "தம்பி, ஒங்க நட்சத்திரம் என்னா?"

"நட்சத்திரமா? ஸ்டாரா? நான் லியோ."

"அது இல்ல தம்பி. அசுவினி, பரணின்னு சொல்வாங்களே..."

ராதாகிருஷ்ணன் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார். மழை வந்தால் எங்கள் மலையில் லைன் அப்படித்தான். தினேஸ்வரன் ஓடிப்போய் வயரை ஆட்டினான், டிவியைத் தட்டினான். டேட்டன் அசையவில்லை. ரதத்துக்கு நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நாழியாறதும்மா. பேரைச் சொல்லுங்கோ" என்று குருக்கள் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். சாமிக்கு முன்னால், ஏழாம் நாள், எங்கள் இடத்தில் நிற்கிறேன். பேர் கேட்கிறார்கள்.

"மாடசாமி" என்றேன். "கேட்டை நட்சத்திரம்."

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி ஒலிபெருக்கியில் கேட்டது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தப் பேரை என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. செல்லம்மா "ஐயோ, ஆத்தா" என்றாள். கிராணி திரும்பினார். டிவியில் ஒருத்தர், தரையில் ஒருத்தர், இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

குருக்கள் கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சங்கல்பத்தில் உயிரோடு இருப்பவர்கள் பேரைத்தான் சொல்ல வேண்டும். பழைய குருக்களுக்கு எங்களைத் தெரியும், அவர் தனுஜா பேரைச் சொல்லிவிடுவார். இவருக்கு என்ன தெரியும்? கேட்டை நட்சத்திரத்தில் பிறந்த மாடசாமிக்கு நல்ல உடம்பைக் கொடு, செல்வத்தைக் கொடு, நீண்ட ஆயுளைக் கொடு என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சமஸ்கிருதம் எனக்குத் தெரியாது. தீர்க்காயுசு என்ற சொல் தெரியும். அதை அவர் இரண்டு தடவை சொன்னார். மந்திரத்தின் நடுவில் குருக்களை யார் நிறுத்துவது? தோட்டமே கைகூப்பி நின்றது. கிராணியும் மெதுவாகக் கையைக் கூப்பினார். என் தட்டில் தேங்காய் உருண்டது. இத்தனை நாளாகச் சுமந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவருக்கு ஆயுள் வேண்டும் என்று நானும் கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

தீபாராதனை ஆயிற்று. குருக்கள் சந்தோஷமாகத் தட்டிலிருந்து பரிவட்டத் துணியை எடுத்து இரண்டு கையாலும் விரித்தார். "மாடசாமிங்கறது உங்க ஆத்துக்காரர்தானேம்மா? முன்னால வரச் சொல்லுங்கோ, பரிவட்டம் கட்டணும்."

 யாரும் முன்னால் வரவில்லை. மழைச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மைக்கை வாய்க்கு அருகில் வைத்துக் கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"மாடசாமி! எங்கே இருந்தாலும் முன்னால வாங்கோ!"

எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. முன்வரிசையில் ஒருத்தர் லயத்திலிருந்து வரும் படிக்கட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார். அவரைப் பார்த்து இன்னொருத்தர் திரும்பினார், பிறகு கூட்டமே திரும்பிப் பார்த்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நானும் திரும்பிப் பார்த்தேன்.